கடைசிப் பாட்டில் கேட்கும் மூச்சு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மகளுக்குப் போடும் கடிதத்தைத் தவிர வேறு எதற்கும் பேனாவைத் தொட்டதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே நான் யார் பின்னாலாவது போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் பாடினேன், அது இசைத்தட்டிலும் இருக்கிறது என்றால் என் மகளே நம்பமாட்டாள். பழக்கமில்லாத வேலையில் கை வைக்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் வீட்டைத் தேடி வந்தார். பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பதுதான் அவருக்கு ஆசையாம். எங்கள் கடற்கரைப் பையன்கள் பாடிய தட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. அட்டையில் ஒரு வள்ளத்தின் படம். யார் பாடினார்கள் என்ற விவரம் எங்கேயும் இல்லை. எட்டாவது பாட்டு முடிகிற இடத்தில் ஓர் ஆள் மூச்சுக்குத் திணறுகிற சத்தம் கேட்கிறதே, அதை எந்தக் கருவியில் உண்டாக்கினார்கள் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதைப் பற்றிச் சொல்லக்கூடிய மற்ற இரண்டு பேர் என் கணவரும் என் அண்ணனும்; அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. என் கணவர் சங்கு குளிக்கிறவர். என் அண்ணனும் அதே வள்ளத்தில்தான் போவான். கடலில் அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு அடி வரைக்கும் இறங்குவார், மேலே அண்ணன் அவர் கயிற்றைப் பிடிப்பான்.

இந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலிருந்தே குளிக்கிறவரின் கயிற்றை அவருடைய மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பது வழக்கம். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பதுதான் கணக்கு. எங்கள் காலத்தில் பல வள்ளங்களில் கயிற்றை விட்டுவிட்டார்கள். முகத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மாவே குதித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் விடவில்லை. என் அப்பா கயிறு பிடித்தவர். அவரிடமிருந்து அண்ணனுக்கு வந்தது.

கயிற்றோடு ஒரு பாட்டும் வந்தது. குளிக்கிறவருக்கு அடியில் நேரம் தெரியாது. ஒரு சங்கு கையில் பட்டால் இன்னொன்றும் எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அதனால் மேலே இருப்பவன் பார்த்து இழுக்க வேண்டும். அப்பா வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுப்பார். பாட்டு முடிந்தால், கீழே இருந்து கயிறு அசைந்தாலும் அசையாவிட்டாலும் இழுத்துவிடுவார்.

அடி மணலு தெரியுதையா
ஆளு நெழலு தெரியுதையா
கொண்டுபோன கல்லுங்கூட
குந்தியிருக்கத் தெரியுதையா

இப்படியே தொடர்ந்து போகும். ராகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மழைக்கு முன் துணி எடுக்கிறவள் மாதிரி விறுவிறுவென்று ஓடும் பாட்டு. உண்மையில் அந்தக் காலத்தில் அது அவ்வளவு தேவைப்படவும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் வள்ளத்தில் இருந்து குனிந்தால் ஆள் கீழே தவழ்ந்து போவதே தெரியும் என்று அண்ணன் சொல்லுவான். பாட்டு ஒரு துணைக்குத்தான்.

பிறகு தண்ணீர் மாறியது. உப்பளங்களுக்குப் பின்னால் ஒரு சாயக் கம்பெனி வந்திருந்தது. அங்கிருந்து வெட்டிவிட்ட ஓடை கடலில் வந்து விழும் இடம் முதலில் துரு நிறத்தில் இருந்தது. பின்பு அந்த நிறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தது. கரையில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. காக்கை அவற்றைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுப் போகும். என் கணவருக்கு முதுகிலும் அக்குளிலும் தடிப்புத் தடிப்பாக வந்து அரித்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது, அடியில் தன் கையே தனக்குத் தெரியவில்லை, தடவித்தான் சங்கு எடுக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லுவார். மேலே இருந்து பார்த்தால் கயிறு ஒரு முழம் தண்ணீருக்குள் போனதும் காணாமல் போகிறது என்று அண்ணன் சொன்னான். அதன் பிறகு அவனிடம் மிச்சம் இருந்தது அப்பாவின் பாட்டு மட்டும்தான்.

ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். போய்ப் பார்த்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள் அதிகாரிகள்.

அண்ணன் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். புதுத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் நல்ல வெண்சங்கு ஒன்றைக் கொடுத்து ஒரு வெளிநாட்டு இசைத்தட்டு வாங்கி வந்திருந்தான். அதில் அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டை மின்சார கிட்டாரும் டிரம்முமாகப் போட்டுப் பாடியிருந்தார்கள். ஒரு வார்த்தை புரியாது. அண்ணன் அதைத் தேயத் தேயக் கேட்டான். நாம் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டும் இப்படித்தானே இருக்கிறது என்றான். இன்னும் இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அம்பாப் பாட்டுகளுக்குக் கிட்டார் போட்டான். கோயில் திருவிழாவில் பாடினார்கள். விருந்தாளியாக வந்திருந்த சென்னை இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர், எட்டுப் பாட்டை டேப்பில் பதிந்து அனுப்புங்கள், தட்டாகப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாவது பாட்டு அந்த ஓடையைப் பற்றி இருக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தான். மனுவைப் படிக்காதவன் பாட்டைக் கேட்பான் என்று அவனுக்கு நம்பிக்கை. அப்பாவின் கயிற்றுப் பாட்டையே எடுத்தான். 'தெரியுதையா' என்று வந்த இடத்தில் எல்லாம் 'தெரியலையே' என்று மாற்றினான். அதைப் பெண் குரலில் பாடினால்தான் எடுபடும் என்று என்னைக் கூப்பிட்டான். முடியாது என்றேன். அங்கே யாரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள், மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடு என்றான்.

மூட்டை என்றது உப்பு மூட்டை. திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிற அண்ணாச்சி ஒருவரிடம் பெரிய டேப் ரிக்கார்டர் இருந்தது. உப்புக்காற்று படக்கூடாது என்று பச்சைப்பிள்ளையைப் போலத் துண்டில் பொதிந்து வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்தவருடைய கிட்டங்கி, சரக்கு வைக்கும் கிடங்கு, ஒன்று சும்மா கிடந்தது. லாரிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க, அங்கே கிடந்த உப்பு மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கி நடுவில் மைக்கை வைத்தார்கள். மூலையில் விலைபோகாத சங்குகள் குவிந்து கிடந்தன. அவற்றின் வீச்சம் முழுதும் போகவில்லை. அண்ணன் கிட்டாரில் கீழ்க்கம்பியை அடித்தால் அந்தக் குவியலுக்குள் இருந்து ஒரு முனகல் வரும். அண்ணன் கையை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஏழு பாட்டுகள் சுலபமாக முடிந்தன. எட்டாவது பாட்டு அமையவில்லை. நான் அப்பா பாடியதைப் போலவே விறுவிறுவென்று பாடினேன். அண்ணாச்சி டேப்பை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, வாய்ப்பாடு ஒப்பிக்கியா? சோறு அடுப்புல தீயுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். வரிக்கு வரி இடம் விட வேண்டும், கேட்கிறவனுக்குப் பயம் வர நேரம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். அண்ணனும் சரி என்றான். ஒரு வரி முடிந்ததும் கிட்டார் மட்டும் நீளமாக இறங்கும். அது அடங்கிய பிறகு அடுத்த வரி. கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இருட்டுக்குள் யாரோ கையை நீட்டித் தடவுகிற மாதிரி இருந்தது அந்த இடைவெளி.

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தவசுக் காலத்தில் பாட்டும் மேளமும் கிடையாது. கிட்டங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு தொடர்ந்தார்கள். உள்ளே புழுக்கம். உப்பு மூட்டைகள் வேர்த்துக் கசிந்து தரையெல்லாம் ஈரம். மைக்கைத் தொட்டால் சுரீர் என்று இழுத்தது. கடலுக்குப் போய்வந்த களைப்போடு அண்ணன் தினமும் அந்த ஒரு பாட்டையே வாசித்தான். வீட்டிலும், சாப்பிடும்போதும், நடக்கும்போதும் அவன் வாய் அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வரி முடிந்ததும் நிறுத்துவான். தொடையில் விரல்கள் கிட்டார் வாசிக்கும். பிறகு அடுத்த வரி.

பாட்டு சரியாக அமைந்த நாளில் என் கணவரும் வந்திருந்தார். சங்குக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பாட ஆரம்பித்ததும் அவர் விளையாட்டாக மூக்கைப் பிடித்துக்கொண்டார். கயிற்றுப் பாட்டுத்தானே, முடிகிறவரைக்கும் மூச்சடக்கிப் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறார். மூட்டைகளின் இடுக்கு வழியாக எனக்கு அவர் முகம் தெரிந்தது. பாதி வரைக்கும் கண்ணில் சிரிப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது. கழுத்து நரம்பு எழும்பியது. பாட்டை நிறுத்தலாமா என்று தெரியாமல் நான் பாடிக்கொண்டே இருந்தேன். கடைசி வரிக்கு முந்தின வரியில் அவரால் முடியவில்லை. வாயைத் திறந்து இழுத்த மூச்சு அந்தக் கிட்டங்கி முழுக்கக் கேட்டது.

அண்ணாச்சி டேப்பைத் திருப்பிப் போட்டார். அந்த மூச்சும் பதிந்திருந்தது. அழிக்க வேண்டாம், நாமே திட்டம் போட்டிருந்தாலும் இப்படி வந்திருக்காது என்று சந்தோஷப்பட்டார்.

என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏ மச்சான், இந்தப் பாட்டை நம்பி உள்ள எறங்கினா நான் நேரா கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போவேன் போல" என்றார்.

"அது பிளேட்டுக்கு மாப்ளே. கடலுக்கு வேற" என்றான் அண்ணன்.

நான் மூட்டைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்தேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "ரெண்டும் ஒரே வாய்தானே அண்ணே" என்றேன்.

அண்ணன் என் தலையில் செல்லமாகத் தட்டினான். "நீ பயப்படாதளா. அப்பா பாட்டு எனக்கு மறக்குமா?"

அந்த வாரம் சனிக்கிழமை. வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்பே வள்ளம் திரும்பி வருவது தெரிந்தது. சீக்கிரம் வருகிற வள்ளம் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை என்பது கடற்கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வாசலில் இருந்தவர்கள் எழுந்து கரையைப் பார்த்து நடந்தார்கள். நானும் போனேன். ஓடையின் நிறம் அன்றைக்கு வள்ளம் கரை தட்டும் இடம் வரைக்கும் வந்திருந்தது. நுரை ஈர மணலில் ஒட்டிக்கொண்டு போகாமல் கிடந்தது.

அவரைப் பாயில் சுற்றித் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. மூக்கில் இரத்தம் காய்ந்து போயிருந்தது. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஆனால் நான் யார் என்று தெரிந்த மாதிரி இல்லை.

வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தண்டல்தான் நடந்ததைச் சொன்னார். தண்டல் என்றால் வள்ளத்துக்குத் தலைவர். அன்று தண்ணீர் ரொம்பக் கலங்கல். அடியில் திசை தெரியாமல் என் கணவர் இரண்டு தடவை கயிற்றை இழுத்திருக்கிறார். கயிறு பாரில், அதாவது கடலடிப் பாறையில், எங்கோ சிக்கிக் கிடந்ததால் அது மேலே எட்டவில்லை. அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தான். அவன் பாடுகிறான், நிற்கிறான், மறுபடி பாடுகிறான் என்பதைத் தண்டல் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்திருக்கிறார். என்னவோ சரியில்லை என்று பட்டதும் பாய்ந்து, சிக்கு விடும்படி பலம் கொண்ட மட்டும் தானே கயிற்றை இழுத்திருக்கிறார். வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் போட்டு முதுகில் அடித்த பிறகுதான் மூச்சு வந்ததாம்.

அண்ணன் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மொத வரி பாடுனேன். பெறகு கிட்டாருக்கு எடம் விட்டேன்ளா" என்றான். "கையில கிட்டார் இல்லைன்னே எனக்குத் தோணல."

சாயங்காலத்துக்குள் அவருக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. வாந்தி எடுத்தார். தண்ணீர் குடித்தார். பயப்பட வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து வந்து நான் கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். கையில் டேப் சுருள் இருந்தது. அதைக் கடலில் வீசிவிடப் போவதாகவும், வீசுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னான்.

என் கணவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாட்டு என்ன செஞ்சுது மச்சான்? தண்ணி தெளிவா இருந்தா ஒனக்குப் பாட்டே வேண்டாம்லா. குனிஞ்சு பாத்தே இழுத்துருப்ப. நீ அனுப்பு."

அண்ணன் சுருளைத் திண்ணையில் வைத்தான். என் கணவர் என்னைப் பார்த்து, அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்தில் வை என்றார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ஆணியில் கிடந்த கயிற்றை எடுத்து ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மறு நுனியை அண்ணனிடம் கொடுத்தார். அப்பா பாட்டைப் பாடு என்று சொல்லி, மூச்சு இழுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.

அண்ணன் பாடினான். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரிக்கு முன்னால் நின்றான். நின்றது தெரிந்து அவசரமாகத் தொடர்ந்தான். மூன்றாவதில் மறுபடியும் நின்றான். என் கணவர் தலையை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை என்றார். அந்தத் தடவையும் அப்படித்தான். அண்ணனுக்கு வேர்த்து வழிந்தது. நிற்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாடினால் பாட்டு தாறுமாறாக ஓடி, பாதியிலேயே முடிந்துவிட்டது. இருபது வருஷம் அப்பாவோடு வள்ளத்தில் உட்கார்ந்து வாங்கிய அளவு அவனிடம் இப்போது இல்லை. எங்கே போனது என்று அவனுக்கும் தெரியவில்லை.

கடைசியில் நான் பாடினேன். எனக்கு அது மாறாமல் இருந்தது. நானும் சேர்ந்து பாடியபோது அண்ணனும் சரியாக இழுத்தான். என் கணவர் அலுங்காமல் தலையை எடுத்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ வள்ளத்துல வந்து பாடுவியாளா?" என்று அண்ணன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. குளிப்புக்குப் போகிற வள்ளத்தில் பெண் கால் வைத்தால் அதோடு அந்த வள்ளத்துக்கு ஆள் வராது. அது அவனுக்கும் தெரியும்.

எனக்கு அவன் ஒருவன்தான் கூடப்பிறந்தவன். வேறு யாரிடமும் அந்தக் கயிற்றைக் கொடுக்க முடியாது. மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் குளிப்பு நின்றுவிடும், அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு என்பதால் வீட்டில் இருக்கவும் முடியாது. என் கணவர் மணிக்கட்டில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி, ஈரம் போக ஒரு தடவை உதறி, பழைய ஆணியிலேயே மாட்டினார். அண்ணன் டேப் சுருளை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அண்டாத் தண்ணீரை நான் முருங்கைக்கு ஊற்றினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணன் கடலுக்குப் போகவில்லை. டேப் சுருளைப் பார்சல் கட்டி, சென்னை ரயிலில் போட்டுவிட்டு வந்தான். வள்ளம் விடிந்ததும் போனது. என் கணவர் கயிறு இல்லாமல் இறங்கினார். மதியத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். சங்கு கொஞ்சம்தான் கிடைத்திருந்தது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றார்.